வெடியுப்பைச் சமைத்த உயிர்கள்

சிவகாசியின் வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். ஒன்று உழைப்பின் கதை. 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரில் தொடங்கி, நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்து அனுப்பும் 'குட்டி ஜப்பான்' வரை அது நீளும். மற்றொன்று துயரத்தின் கதை. தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இழந்த பருவம், மருந்து கலக்கும் அறையில் கருகியவர்கள், 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே நாளில் போன முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் என்று அது நீளும். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டிலுமே மனிதனும் மருந்தும் மட்டுமே வருகிறார்கள். இந்தத் தொழிலின் தொடக்கத்தில் ஒரு நுண்ணுயிர் நின்றது. தொழில் விட்டுச் சென்ற கழிவின் முடிவிலும் ஒரு நுண்ணுயிர்தான் நிற்கிறது. வறண்ட மண்ணின் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, இனம் கண்டு, பெயரிட்டு வகைப்படுத்தும் வேலை விருதுநகர் மாவட்டத்துக்கு அந்நியமான ஆய்வக ஆடம்பரம் அன்று, அது வெடித் தொழிலின் சொந்த வரலாற்றில் எழுதப்படாத அத்தியாயம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெடியுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பொட்டாசியம் குளோரேட்டும் அலுமினியத் தூளும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் வாணவேடிக்கை இருந்தது. 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே கண்ட வாண விளையாட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த வாணங்களின் உயிர்நாடி வெடியுப்பு. கரியும் கந்தகமும் எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் உப்பு அது. அதை யாரும் சுரங்கத்தில் வெட்டி எடுக்கவில்லை. பழைய மண்சுவர்களின் அடி, மாட்டுத் தொழுவங்களின் தரை, ஊர்ப்புறத்து மேடுகள் ஆகியவற்றில் மழை ஓய்ந்த பின் வெள்ளையாகப் பூக்கும் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி, படிகமாக எடுத்தார்கள். பீகாரில் நூனியா சமூகத்தார் இதைச் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களிடம் வாங்கிக் கப்பலேற்றிய வெடியுப்பு ஐரோப்பியப் போர்களை நடத்தியது. தமிழகத்தில் உவர்மண்ணைக் காய்ச்சிய உப்பிலியர் சமூகத்தின் தொழிலும் இதே மரபைச் சேர்ந்தது. மண் எப்படி வெடியுப்பைப் பூக்கிறது என்பது நெடுங்காலம் விளங்காத ஒன்றாகவே இருந்தது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்பும் நிறைந்த குழாய் வழியே மெல்ல வடியவிட்டார்கள். சில வாரங்களில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வெறும் வேதிவினை மயக்க மருந்துக்கு நிற்காது; ஆகவே உள்ளே வேலை செய்தது உயிர். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த உயிரைத் தனியே பிரித்தார். அதில் ஒரு வகைக்கு நைட்ரோசோமோனாஸ் என்ற பெயர் வந்தது. மாட்டு மூத்திரத்தின் யூரியாவிலிருந்து வந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி, அரசர்களின் வாணத்துக்கும் கம்பெனியின் பீரங்கிக்கும் மருந்து சமைத்தவை இந்தப் பாக்டீரியாக்களே.

இதில் வறட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஓயாது மழை பெய்யும் நாட்டில் நைட்ரேட் உண்டான வேகத்திலேயே கரைந்து ஆழத்துக்குப் போய்விடும். சில மாத மழை, அதன்பின் நீண்ட வெயில் என்று மாறிமாறி வரும் நிலத்தில்தான் மண்ணின் ஈரம் மேல்நோக்கி ஏறி, காய்ந்து, உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்லும். வெடியுப்பு, அரைப்பாலை நிலமும் அதன் நுண்ணுயிரும் கூடிச் செய்த பொருள். ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: சிவகாசி என்றைக்கு வெடியுப்புக் காய்ச்சியது? அது தொடங்கியதே வெளியிலிருந்து வாங்கிய ரசாயனத்தில் அல்லவா? சரியான கேள்வி. 1923 வாக்கில் இங்கே தொடங்கிய தீப்பெட்டி ஆலைகள் முதலில் ஜெர்மன் இயந்திரங்களை நம்பின. பிறகு கைவேலைக்கு மாறின. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். அடுத்து வண்ணத் தீக்குச்சிகளும் கம்பி மத்தாப்பும் வந்தன. இரண்டாம் உலகப்போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவை நிறுத்தியது, 1940-இன் வெடிபொருள் விதிகள் உரிம முறைக்கு வழி வகுத்தன, 1942 முதல் பெரிய பட்டாசு ஆலைகள் எழுந்தன. வெடியுப்பு அப்போதே மூட்டையில் வந்து இறங்கும் சரக்காகிவிட்டது. நான் சொல்வது சிவகாசி மண் வெடியுப்பு தந்தது என்பதன்று. சிவகாசி கையில் எடுத்த கலை எந்தச் சூழலில் பிறந்ததோ, ஏறத்தாழ அதே சூழலுக்கு அது திரும்பி வந்திருக்கிறது என்பதைத்தான்.

வறட்சியால்தான் பட்டாசு வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வெயில் உதவியது மெய். தோய்த்த தீக்குச்சியும், திரி வைத்த வெடியும், பசை தடவிய குழாயும் களத்தில் காய வேண்டும். ஆனால் வெயில் மட்டுமே காரணமென்றால் கடலாடியிலும் கமுதியிலும் ஊருக்கொரு பட்டாசு ஆலை இருந்திருக்க வேண்டும். மழை பொய்த்தால் கரிசல் காட்டில் வேலை இல்லாமல் போகும் கைகள், சந்தையை அறிந்த வணிகச் சமூகத்தின் முதல், வீட்டுக்கு வீடு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறை ஆகியவை சேர்ந்தபோதுதான் வெயிலுக்குப் பயன் கிடைத்தது. வறட்சியைத் தொழிலின் தாய் என்று கொண்டாடுவோர் அதன் மறுபக்கத்தைப் பேசுவதில்லை. நீர் குறைந்த நிலத்தில் கொட்டியது எதுவும் எளிதில் கரைந்து கடலுக்குப் போகாது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. பத்து மாதம் தரையில் சேரும் மருந்துத் தூள் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் மண்ணுக்குள் இறங்குகிறது. அடுத்த கோடையில் அதே கிணற்று நீரில் திரும்பி வருகிறது.

இறங்குவது என்ன என்பது காலத்தோடு மாறியது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்து லேசான உராய்விலேயே தீப்பிடிக்கும். அதனால் 1992-இல் மத்திய அரசு பட்டாசில் அந்தக் கலவையைத் தடை செய்தது. உலகெங்கும் வாணத் தொழில் குளோரேட்டை விட்டு மாறியபோது ஒலிக்கும் ஒளிக்கும் அதிகம் நம்பியது பெர்குளோரேட்டை. குளோரேட்டைவிட அது கையாளப் பத்திரமானது. பச்சை நிறம் தந்த பேரியம் நைட்ரேட், இப்பக்கத்தார் 'பச்சை உப்பு' என்பது, 2018-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்ற ஆணைகளால் விலக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் ஓர் ஆபத்தைக் குறைக்க வந்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் தொழிலாளியின் கையில் பெர்குளோரேட்டைப் பத்திரமாக்கும் அதே நிலைத்தன்மைதான் தண்ணீரில் அதை அழியாததாக்குகிறது. ஒரு குளோரின் அணுவை நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த அயனி அது. மண்ணில் ஒட்டாது, சூரிய ஒளியில் சிதையாது, ஆவியாகாது, நிலத்தடி நீரோடு நீராக நகரும். தரையில் சிந்திய மருந்தைத் தண்ணீர் விட்டுச் செயலிழக்கச் செய்வது பாதுகாப்பு. உயிரைக் காக்க ஊற்றிய அந்தத் தண்ணீரே உப்பைக் கீழே இட்டுச் செல்கிறது.

இது ஊகம் மட்டும் அன்று. ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சிவகாசி, மதுரைப் பகுதிகளில் எடுத்த 60 நிலத்தடி நீர் மாதிரிகளைப் பரிசோதித்தது. பெர்குளோரேட்டின் அளவு, கருவிக்கே எட்டாத சிறு அளவிலிருந்து லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை இருந்தது. சிவகாசிப் பகுதியின் 57 மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடிநீருக்கு முன்மொழிந்த 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டின. மதுரை மாதிரிகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியில் அளவு தெளிவாக உயர்ந்திருந்ததால், பட்டாசும் தீப்பெட்டியுமே முக்கிய மூலம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பெர்குளோரேட் தைராய்டுச் சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் பிறந்த சிசுவுக்கும் மூளை வளர அந்தச் சுரப்பியின் நீர் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 70 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது; அந்தத் தாராளமான அளவை வைத்துப் பார்த்தாலும் 7,690 என்பது நூறு மடங்குக்கும் மேல். 2012-இன் இந்தியக் குடிநீர்த் தரக் குறியீட்டின் பட்டியலில் பெர்குளோரேட்டுக்கு ஒரு வரம்பே கிடையாது. நூறாண்டுத் தொழிலின் கணக்கில் இப்படியொரு பக்கம் இருப்பது ஊருக்கே தெரியாமல் போனது எனக்குப் பெரும் வேதனை.

இதே உப்பு இயற்கையாகவே குவிந்து கிடக்கும் இடம் ஒன்று பூமியில் உண்டு. சிலி நாட்டின் அடகாமா பாலைவனம். அங்கே வெட்டி எடுத்த வெடியுப்பு 19-ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் உரமாகப் போனது. அதில் கலந்திருந்த பெர்குளோரேட் ஐரோப்பாவில் பயிர்களை வாட்டியபோதுதான் அந்த உப்பின் இருப்பை வேளாண் வேதியியலார் கவனித்தார்கள். காற்று மண்டலத்தில் உண்டாகும் பெர்குளோரேட் சிறிதுசிறிதாக இறங்கி, கழுவ மழையில்லாததால் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கே தங்கிவிட்டது. 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் மண்ணிலும் அதைக் கண்டது. அன்று முதல் பாலைவன பாக்டீரியாக்களின் மீது ஆய்வாளர்களின் கண் கூர்மையானது. சிவகாசி பாலைவனம் அல்லவே என்பார்கள். ஆம், அல்ல. ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழை, விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800. அடகாமாவின் நடுப்பகுதியில் சில மி.மீ. கூடத் தேறாது. ஆனால் பாக்டீரியாவுக்கு வானிலை வரைபடம் தெரியாது. மாதக்கணக்கில் நீரில்லாமை, பிளந்த கரிசலின் சூடு, உப்பு, ஆக்சிஜனேற்றும் நஞ்சு என்பவையே அது சந்திக்கும் சூழல். அடகாமாவில் லட்சக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை செய்ததை இங்கே மனிதன் எண்பது ஆண்டுகளில் செய்திருக்கிறான். இந்த ஒற்றுமையும் இந்த வேற்றுமையும் சேர்ந்துதான் இம்மண்ணை ஆராயத் தகுந்ததாக்குகின்றன. அடகாமாவின் நுண்ணுயிர்களுக்குப் பழக யுகங்கள் கிடைத்தன. சிவகாசியின் நுண்ணுயிர்களுக்கு மூன்று தலைமுறை மனிதர்களின் காலம்தான் கிடைத்தது.

பெர்குளோரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா உண்டு என்பது இன்று உறுதி. நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தில் அவை இந்த உப்பைப் பயன்படுத்துகின்றன. பெர்குளோரேட்டைக் குளோரேட்டாகவும், அதைக் குளோரைட்டாகவும் குறைக்கின்றன. கடைசியில் ஒரு நொதி குளோரைட்டைச் சாதாரண உப்பிலுள்ள குளோரைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நஞ்சு போய்விடுகிறது, இருட்டில், சூரியனின்றி, ஆக்சிஜன் பிறக்கிறது. 1994-இல் சுவீடனில் குளோரேட்டைக் குறைக்கும் ஐடியோனெல்லா டீகுளோரட்டான்ஸ் விவரிக்கப்பட்டது. 1999-இல் அமெரிக்காவில் ஜான் கோட்ஸின் குழு, இத்தகைய பாக்டீரியாக்கள் மாசுபட்ட மண்ணில் மட்டுமின்றி மாசுபடாத மண்ணிலும் பரவலாக இருப்பதைக் காட்டியது. 2001-இல் டீகுளோரோமோனாஸ், டீகுளோரோசோமா என்று இரண்டு புதிய பேரினங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டாவதன் மாதிரி பன்றிப் பண்ணைக் கழிவுக் குட்டையில் கிடைத்தது. ஆனால் 2003-இல் அதைக் கூர்ந்து பார்த்தவர்கள், நெற்பயிரோடு உறவுடைய, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் அசோஸ்பைரா ஒரைசேயும் இதுவும் ஒரே இனம் என்று நிறுவினார்கள். டீகுளோரோசோமா என்ற பெயர் விலக்கப்பட்டது. பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் வகைப்படுத்தலால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். இந்தப் பெயர் மாற்றமே பதில். செய்யும் வேலையை வைத்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதை அது கற்பித்தது. வயலுக்கு உரம் தரும் உயிரும் நீரின் நஞ்சைப் போக்கும் உயிரும் ஒன்று என்று தெரிந்தபோது, ஒரு துறையில் சேர்ந்த அறிவு முழுவதும் மறு துறைக்கும் சொந்தமாயிற்று. வகைப்படுத்தாமல் விட்டிருந்தால் இரு கூட்டமும் தனித்தனியே அதே உயிரை ஆராய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு பாக்டீரியாவைப் புதிய இனம் என்று சொல்வதற்கு இன்று கடுமையான வழிமுறை உண்டு. 1977-இல் கார்ல் வோஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை வைத்து உயிர்களின் வம்சாவளியை வரைந்து காட்டிய பின், ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் மரபணுவே முதல் சான்றானது. தெரிந்த இனங்களோடு அது 98.7 சதவீதத்துக்குக் குறைவாகவே ஒத்துப்போனால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேறு இனம். செல்லின் கொழுப்பு அமிலம், அது தாங்கும் உப்பும் சூடும், உண்ணும் உணவு எல்லாம் பதிவாக வேண்டும். முடிவில் பெயருக்குச் சான்றாக ஓர் உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இவ்வளவையும் கடந்தவை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள்தாம். ஒரு பிடி மண்ணில் இருக்கக் கூடியவற்றோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பாலைவனங்கள் இந்தப் பட்டியலுக்கு அரிய பெயர்களைத் தந்திருக்கின்றன. சகாரா மணலிலிருந்து 2005-இல் டீனோகாக்கஸ் டெசர்ட்டி, கோபியிலிருந்து 2009-இல் டீனோகாக்கஸ் கோபியென்சிஸ். துனிசியாவின் தத்தாவின் அருகே 1931-இல் விழுந்த விண்கல்லின் துண்டு மணலில் கிடந்தபோது அதில் குடியேறியதாகக் கண்டறிந்த ராம்லிபேக்டர் தத்தாவினென்சிஸ் 2003-இல் பெயர் பெற்றது. டீனோகாக்கஸ் கதிரியக்கத்தைத் தாங்குவது வறட்சியைத் தாங்கிப் பழகியதால்தான் என்பது 1996-இல் விளங்கியது: காய்ந்து போவதும் கதிர்வீச்சும் மரபணுவை ஒரே விதமாக உடைக்கின்றன, உடைந்ததை ஒட்டத் தெரிந்த உயிர் இரண்டையும் தாங்குகிறது. இந்தியாவிலும் 2004-இல் மேற்கு வங்கத்தின் ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரிலிருந்து டீனோகாக்கஸ் இண்டிகஸ் பெயர் பெற்றது. நஞ்சு கலந்த நீரில் புதிய உயிரைத் தேடுவது நம் நாட்டுக்கே பழக்கமானதுதான்.

மனிதர் சாகும் ஊரில் பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பதா என்ற கேள்வி எல்லாவற்றையும்விடக் கனமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. விதிமீறலால் நேரும் விபத்தைத் தடுப்பதும், அறையில் நிற்பவரின் உயிரைக் காப்பதும் முதல் கடமை. அதற்கு எந்த நுண்ணுயிரியலாளரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இவை ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் அல்ல. வெடித்துச் சாகிறவரின் பெயர் செய்தித்தாளில் வருகிறது. தண்ணீரால் மெல்ல வரும் கேடு, ஆலையில் வேலை செய்யாத கிராமத்துத் தாயையும் தொடும், அதற்குச் செய்தி இல்லை. தொழிலை மூடச் சொல்லும் வாதமாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லட்சக்கணக்கானோர் உண்ணும் சோறு இதில் இருக்கிறது. தொழில் நிலைக்க வேண்டுமானால் அதன் கழிவைக் கரைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இம்மண்ணில் யார் வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

பாக்டீரியா எங்கும் உண்டு என்றால் இயற்கையே சுத்தம் செய்துவிடாதா? செய்யாது, குறைந்தபட்சம் இங்கே தானாகச் செய்யாது. பெர்குளோரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் இருந்தால் பெரும்பாலும் முதலில் அதை எடுக்கும். அவற்றுக்கு இரை வேண்டும், கரிமப் பொருள் வேண்டும். கோடையில் கிணறு வற்றிக் காற்றுப் புகும் பாறை நிலம், உரத்தின் நைட்ரேட்டும் பட்டாசின் வெடியுப்பும் கலந்த நீர், மக்கு குறைந்த மண். மூன்றுமே அவற்றின் வேலைக்குத் தடை. தொடக்கத்தில் வாணத்துக்கு ஆதாரமாக இருந்த நைட்ரேட்டே இப்போது நஞ்சு நீக்கத்துக்கு முட்டுக்கட்டையாகிறது. ஆகவே நைட்ரேட்டுக்கு மத்தியிலும் பெர்குளோரேட்டை விடாத, சூட்டையும் உப்பையும் தாங்கும் உள்ளூர் வகைகளைத் தேட வேண்டும். கேரளத்தில் ஆலுவாவுக்கு அருகே கீழ்மாட்டில், ராக்கெட் எரிபொருளுக்கான அம்மோனியம் பெர்குளோரேட் ஆலையின் பக்கத்துக் கிணறுகளில் இதே மாசு தெரியவந்தபோது, திருவனந்தபுரத்தின் தேசிய ஆய்வகம் ஒன்று பெர்குளோரேட்டை நீக்கும் நுண்ணுயிர் முறையில் இறங்கியது. செர்ராஷியா மார்செசென்ஸ் இனத்தின் ஒரு வகை அதிக உப்பிலும் பெர்குளோரேட்டைக் குறைப்பதை அங்குள்ளவர்கள் பதிவு செய்தார்கள். மழை கொட்டும் ஆலுவாவில் வேலை செய்யும் கூட்டம் கரிசலில் நிற்குமா என்பதைக் கரிசலில்தான் சோதிக்க முடியும்.

அதற்கான கைகள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. விருதுநகரில் 1947-இல் தொடங்கிய கல்லூரியும், அய்ய நாடார் பெயரில் 1963-இல் சிவகாசியில் எழுந்த கல்லூரியும் இத்தொழிலின் வருவாயிலும் வணிகத்தின் ஈகையிலும் வளர்ந்தவை. 2002-இன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி புதிதாகக் கண்டறியும் எந்த உயிரினத்தையும் அதற்கென அறிவித்த சேமிப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும்; பாக்டீரியாவுக்குச் சண்டிகரிலும் புனேயிலும் சேமிப்பகங்கள் உண்டு. சட்டத்தை நடத்தும் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில். வெளிநாட்டுக்கு வளர்ப்பை அனுப்ப அனுமதி வேண்டியிருப்பது இந்திய வகைப்பாட்டாளர்களைத் தாமதப்படுத்துகிறது என்ற குறை நியாயமானது. ஆனால் மண்ணின் செல்வம் கைமாறிப் போகாதிருக்க அந்தக் காவல் தேவை. முதலில் எடுக்க வேண்டியவை பழைய தீப்பெட்டி ஆலைகளின் முற்றத்து மண், 1992-க்கு முன்பும் பின்பும் எழுந்த பட்டாசு ஆலைகளின் கழிவுக் குழிகள், எந்த ஆலையும் இல்லாத கரிசல் காடு. ஒவ்வொன்றிலும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு மாதிரி, தை மாதத்தில் ஒரு மாதிரி. எந்த உப்பு எந்தக் காலத்தில் மண்ணில் இறங்கியது, அதை உண்ணப் பழகிய கூட்டம் எது, எது இன்னும் பழகவில்லை என்பதை அந்த வரிசை காட்டும்.